நியாயமான படத்துக்கும் ஏஐ ‘முடியாது’ன்னா என்ன பண்ணணும்? புதுசா ப்ராம்ப்ட் எழுத வர்றவங்களுக்கு

பிளெக்ஸ், பத்திரிகை, கடை நோட்டீஸ், ஸ்கூல் சார்ட், ஆரம்ப சுகாதார நிலைய போஸ்டர், இந்த மாதிரி வேலைக்கு ஏஐல படம் எடுக்க ஆரம்பிச்சிருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான். நான் திருநெல்வேலி பக்கம் ஒரு டிசைன் கடைல வேலை பாக்கறேன். எங்க தொழிலைப் பாருங்க, கோயில் கொடைத் திருவிழாவுக்கு அருவா புடிச்ச சாமி, தீபாவளிக்கு வெடி, காதுகுத்துக்கு ஊசி, ஞாயித்துக்கிழமை கறிக்கடை நோட்டீஸ், எல்லாமே ஃபில்டர் (தப்பான படத்தைத் தடுக்க ஏஐ டூல்ல வச்சிருக்கற காவல்) பாத்தா மிரள்ற சமாச்சாரம்தான், ஆனா இதுல ஒண்ணுகூட தப்பான படம் கிடையாது. அப்படி நியாயமா கேக்கறவங்களுக்கு வேலை எப்படி முடியும்னு மட்டும் சொல்றேன். ஃபில்டரை ஏமாத்தற வித்தை தேடி வந்தவங்க இங்கயே கிளம்பிடலாம், அது இதுல இல்ல.

ப்ராம்ப்ட்னா என்ன படம் வேணும்னு ஏஐக்கு நாம எழுதிக் குடுக்கறது. உதாரணமெல்லாம் தமிழ்லயே தர்றேன், நீங்க இங்கிலீஷ்ல போட்டாலும் அமைப்பு இதேதான்.

1. எந்த இடத்துல தடுக்குதுன்னு மொதல்ல பாருங்க

படம் வரலைன்னதும் எல்லாரும் அதே ப்ராம்ப்ட்டை திரும்பத் திரும்பத் தட்டுவாங்க, அதைத்தான் பண்ணக்கூடாது. தடுப்பு ஒரு இடத்துல இல்ல, மூணு இடத்துல இருக்கு, எதுல மாட்டுச்சுன்னு தெரியாம வார்த்தையை மாத்திக்கிட்டே இருந்தா பாதி நாள் போயிரும்.

முதல் தடுப்பு நீங்க எழுதின வார்த்தைல. எண்டர் தட்டின அடுத்த நொடியே ‘இந்த ப்ராம்ப்ட் தடுக்கப்பட்டது’ன்னு வந்தா அது இதுதான். படம் வரையவே ஆரம்பிக்கல, ஏதோ ஒரு சொல்லோ ரெண்டு சொல் பக்கத்துல பக்கத்துல வந்ததோ கண்ணை உறுத்தியிருக்கு.

ரெண்டாவது தடுப்பு நடுவுல உக்காந்து பேசற ஏஐ. சாட்ஜிபிடி, ஜெமினி மாதிரி பேசி வாங்கற டூல்ல நீங்க எழுதறது பெரும்பாலும் அப்படியே வரையற இடத்துக்குப் போறதில்ல, நடுவுல உள்ள மாடல் அதைத் தன் பாணில நீட்டி எழுதி அனுப்பும். 2023 அக்டோபர்ல சாட்ஜிபிடிக்குள்ள டால்-ஈ 3ங்கற படம் வரையற மாடல் வந்தப்பவே இந்த வழக்கம் ஆரம்பிச்சிருச்சு. அதனால நீங்க சும்மா ‘கோயில் திருவிழா’ன்னு போட்டாலும் அது ‘ஆவேசமான கூட்டம், தீப்பந்தம், ரத்தச் சிவப்பு வானம்’னு சேர்த்து எழுதி, அதே வார்த்தைக்காக மாட்டிக்கவும் வாய்ப்பு இருக்கு. இந்த மாதிரி மரியாதையா காரணம் சொல்லி மறுத்தா, ‘நீ எழுதி அனுப்பின ப்ராம்ப்ட் என்ன, அப்படியே காட்டு’ன்னு கேளுங்க. பல நேரம் காட்டும். எதை அது சொந்தமா சேர்த்துச்சோ அதை ‘வேண்டாம்’னு சொல்லிட்டா போதும்.

மூணாவது, படம் வரைஞ்சு முடிச்சப்பறம் அந்தப் படத்தையே ஒருதரம் பாக்கும். அரை நிமிஷம் சுத்தி, பாதிப் படம் மங்கலாத் தெரிஞ்சு, கடைசில காணாமப் போச்சுன்னா இதுதான். பிங் இமேஜ் கிரியேட்டர்ல இந்த இடத்துல ஒரு நாய்க்குட்டி படம் வந்து நிக்கும். ஸ்டேபிள் டிஃப்யூஷனோட பழைய வெர்ஷன்ல முழுக் கறுப்புக் கட்டம் வரும். கூகுளோட இமேஜென்ல ஏபிஐ வழியா (சொந்த புரோகிராம்ல இருந்து நேரா கேக்கற வழி) நாலு படம் கேட்டா ரெண்டு மட்டும் வரும், மீதி ரெண்டு உள்ளயே கழிஞ்சிருக்கும்.

நேரத்தை வச்சே கண்டுபிடிச்சிரலாம். உடனே மறுத்தா வார்த்தையை மாத்துங்க. காரணம் சொல்லி மறுத்தா பேசிப் பாருங்க. கடைசில காணாமப் போனா காட்சியை மாத்துங்க. இந்த மூணாவது கேஸ்ல மட்டும் அதே ப்ராம்ப்ட்டை ஒரே ஒரு தடவை மறுபடி ஓட்டலாம், ஏன்னா ஒவ்வொரு தடவையும் அது வேற படம் வரையும், ஒண்ணு மாட்டினா இன்னொண்ணு தேறிரும். மத்த ரெண்டுலயும் மறுபடி தட்டறது வீண்.

2. பேரம் பேசவே கூடாத விஷயம்

இதைச் சுருக்கமா சொல்லிட்டுப் போயிடறேன். குழந்தைங்களை ஆபாசமா காட்டற எதுவும், அது வரைஞ்ச படமா இருந்தாலும், ஐடி சட்டம் 67பி பிரிவுல நேரா குற்றம். தெரிஞ்ச பொண்ணு போட்டோவை ஏத்தி ட்ரெஸ்ஸை மாத்துன்னு கேக்கறது, ஒருத்தர் செய்யாததைச் செஞ்ச மாதிரி போட்டோ பண்றது, ஜாதி மதச் சண்டையைக் கிளப்பற படம், இதெல்லாம் கஸ்டமர் எவ்வளவு காசு தர்றேன்னு சொன்னாலும் எடுக்காதீங்க. எழுத்தை உடைச்சு எழுதறது, ஸ்பெல்லிங்கை மாத்தறது, வேற பாஷைல போடறதுன்னு யூடியூப்ல சொல்லித் தர்றானுங்க. அப்படித் தொடர்ந்து மாட்டினா அக்கவுண்ட்டை முடக்கிருவாங்க, கட்டின காசு திரும்பி வரும்னு நம்பாதீங்க, அதுல சேர்த்து வச்ச படமும் சேர்ந்து போயிரும்.

3. ஆரம்பிக்கறதுக்கு முன்ன கைல இருக்க வேண்டியது

கஸ்டமர் தர்ற போட்டோவை ஏத்தறதா இருந்தா மொதல்ல வாட்ஸப்ல ஒரு வரி வாங்கிக்கோங்க: ‘இந்த போட்டோவை ஏஐ டூல்ல ஏத்தி டிசைன் பண்ண எனக்குச் சம்மதம்’. பெரிய பத்திரமெல்லாம் வேண்டாம், தேதியோட அந்த மெசேஜ் இருந்தாப் போதும். 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க போட்டோன்னா அப்பா அம்மாகிட்ட இருந்துதான் வாங்கணும், மாமா சித்தப்பா அனுப்பினா செல்லாது. 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைங்க விஷயத்துல பெத்தவங்க சம்மதத்தைத்தான் கேக்குது.

அடுத்தது கார்டு. நிறைய டூல் டாலர்ல வெட்டும். 2020க்குப் பிறகு குடுக்கற கார்டுல வெளிநாட்டு பேமெண்ட் ஆஃப்லதான் வரும், பேங்க் ஆப்புக்குள்ள போய் நீங்கதான் ஆன் பண்ணணும். மாசாமாசம் தானா வெட்டற விஷயத்துக்கு ரிசர்வ் பேங்கோட இ-மேண்டேட் விதி 2021 அக்டோபர்ல இருந்து இருக்கு, அதனால சில கார்டுல முதல் மாசம் போகும், ரெண்டாவது மாசம் நிக்கும். சீசன் நடுவுல இது நடந்தா தலைவலி, வைகாசி கொடை ஆர்டர் குவியறதுக்கு முன்னாடியே ஒரு ரீசார்ஜ் சரியா போகுதான்னு பாத்துருங்க.

அப்புறம் ஒரு நோட்டு, இல்ல கூகுள் டாக். தேறின ப்ராம்ப்ட், மாட்டின ப்ராம்ப்ட் ரெண்டையும் தேதி போட்டு ஒட்டி வைங்க. எந்த டூலுன்னும் எழுதுங்க. போன வருஷம் தேறினது இந்த வருஷம் மாட்டும், மாட்டினது தேறும், கம்பெனிக்காரங்க சொல்லாம கொள்ளாம மாத்திக்கிட்டே இருப்பாங்க. 2024 பிப்ரவரில ஜெமினில மனுஷங்க படமே வராதுன்னு கூகுள் நிறுத்தி வச்சாங்க, திரும்ப ஆகஸ்ட் மாசக் கடைசில இருந்துதான் படிப்படியா விட்டாங்க. அப்ப அது ஒண்ணை மட்டும் நம்பியிருந்தவங்க என்ன பண்ணியிருப்பாங்க? ரெண்டு டூலாவது பழகி வைங்க.

4. கதையைச் சொல்லாதீங்க, கண்ணுக்குத் தெரியறதைச் சொல்லுங்க

இதுதான் முக்கியம், மத்ததை விட்டாலும் இதை விடாதீங்க.

நம்ம ஆளுங்க ப்ராம்ப்ட் எழுதினா சாமியோட முழு வரலாறும் அதுல வந்துரும். ‘துஷ்டனை வெட்ட அருவாளை ஓங்கியபடி, ரத்தக் கண்ணோடு, பலி கேட்கும் சுடலைமாடன்’. கேக்க நல்லாத்தான் இருக்கு, கணியான் கூத்துல பாடலாம். ஆனா ஃபில்டர் இதுல என்ன பாக்கும்? வெட்ட, ரத்தம், பலி, கைல ஆயுதம். புதுசா சேந்த வாட்ச்மேன் மாதிரி, உள்ளூர்க்காரன் யாரு வெளியாள் யாருன்னு அதுக்குத் தெரியாது, கைல என்ன இருக்குன்னு மட்டும்தான் பாக்கும்.

எங்க கடைக்கு வந்த ஒரு கொடைக் கமிட்டிக்காரர், அருவா இல்லாம நான் எடுத்த படத்தைப் பாத்துட்டு, ‘என்ன தம்பி, அருவா இல்லாம நிக்காரு, பேங்க் மேனேஜர் மாதிரில்லா இருக்கு’ன்னாரு. அவர் சொன்னது நியாயம்தான். அருவாளை எடுத்துட்டா அது சாமியே இல்ல. அதனால அருவா இருக்கணும், வெட்டு இருக்கக் கூடாது. அப்படி யோசிச்சு எழுதினது இது:

‘தென்தமிழ்நாட்டு கிராமக் கோயில் வாசலில் நிற்கும் பெரிய சுதைச் சிற்பம். பளிச்சென்ற வண்ணம் பூசியது. காவல் தெய்வம், முறுக்கிய அடர்ந்த மீசை, அகன்ற கண்கள், நெற்றியில் திருநீறும் குங்குமமும், தலைப்பாகை. வலது கையில் நீளமான வளைந்த இரும்புக் கத்தி நேராக மேல்நோக்கி அசையாமல் நிற்கிறது, மரக் கைப்பிடி, நுனி மட்டும் கொக்கி போல் வளைந்தது. கழுத்தில் சிவப்பு அரளி மாலை. பின்னால் பனைமரங்கள், மாலை வெளிச்சம், காலடியில் அகல்விளக்குகள். கம்பீரமான, அமைதியான தோற்றம்.’

இதுல என்ன மாறுச்சுன்னு கவனிங்க. மனுஷன்னு சொல்லாம சுதைச் சிற்பம்னு சொல்லியாச்சு, அது பொய்யும் இல்ல, கோயில்ல இருக்கறது சிலைதான். ஓங்கினது, வெட்டறதுங்கற செயல் எல்லாம் போயி ‘அசையாமல் நிற்கிறது’ன்னு நிலை வந்தாச்சு. ‘ரத்தக் கண்’ போயி ‘அகன்ற கண்கள்’. சிவப்பு வேணும்னா ரத்தத்துல இருந்து எடுக்காம அரளில இருந்து எடுத்துக்கிட்டோம். கடைசில ‘கம்பீரமான, அமைதியான’ன்னு மனநிலையைச் சொன்னது ரொம்ப உதவும், நடுவுல இருக்கற மாடல் சொந்தமா ஆவேசத்தைச் சேர்க்காம இருக்கும்.

அருவாளோட வடிவத்தை ஏன் இவ்வளவு எழுதணும்னா, வெறும் ‘அருவா’ன்னு போட்டா அது பாட்டுக்கு ராஜா காலத்து வாளைக் குடுக்கும், இல்லன்னா வெள்ளைக்காரன் வயல்ல கதிர் அறுக்கற பெரிய அரிவாளைக் குடுக்கும். கமிட்டிக்காரங்க அதைப் பாத்தா பிளெக்ஸ் காசு வராது.

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்குக் காளி வேஷம் கட்டறவங்க படம் கேப்பாங்க. நாக்கைத் தொங்கப் போட்டு, மண்டையோட்டு மாலையோட. இதுல ‘வேஷம்’ங்கறதைத்தான் புடிச்சுக்கணும்: ‘முத்தாரம்மன் கோயில் திருவிழாவுக்குக் காளி வேடமிட்ட பக்தர், முகத்தில் நீல வண்ணப் பூச்சு, அட்டையில் செய்த பல கைகள், உயரமான பளபளக்கும் கிரீடம், பின்னால் கடற்கரைக் கூட்டம்’. மண்டையோட்டு மாலையை விட்டுட்டு எடுத்து, அப்புறம் போட்டோஷாப்புல ஒட்டிக்கிட்டா அஞ்சு நிமிஷ வேலை. எல்லாத்தையும் ஏஐதான் தரணும்னு அடம் புடிக்காதீங்க.

5. சாதாரண வார்த்தைதான், ஆனா மாட்டிவிடும்

தீபாவளி பட்டாசுக் கடை நோட்டீஸ். ‘அணுகுண்டு, லட்சுமி வெடி, ராக்கெட்’னு கடைக்காரர் லிஸ்ட்டை அப்படியே போட்டா குண்டு போடறவன்னு நினைச்சுக்கும். வண்ணக் காகிதப் பெட்டி, சிவப்புச் சரம், மத்தாப்பு, வானத்துல விரியற வாணவேடிக்கைன்னு எழுதுங்க. பெட்டி மேல பேரை அப்புறமா எழுதிக்கலாம்.

பிரியாணிக் கடை, கறிக்கடை வேலைக்கு ஒரு விதி வச்சிருக்கேன், உசுரோட இருக்கற ஆடும் வெட்டற கத்தியும் ஒரே படத்துல வரவே கூடாது. ‘புதுசா வெட்டின ஆடு’ன்னு எழுதினா முதல் தடுப்புலயே நிக்கும். எஃகுத் தட்டுல அடுக்கின பச்சை ஆட்டிறைச்சித் துண்டு, பக்கத்துல கறிவேப்பிலை, எலுமிச்சைன்னு எழுதினா அழகா வரும். கோழி நெஞ்சுக்கறியை இங்கிலீஷ்ல எழுதறப்ப ‘எலும்பில்லாத கோழிக்கறித் துண்டு’ங்கற மாதிரி மாத்திக்கோங்க, ஏன்னு உங்களுக்கே தெரியும். போட்டோ ‘ஷூட்’, ‘ஷாட்’ இதெல்லாம் கூட பக்கத்துல என்ன வார்த்தை இருக்குங்கறதைப் பொறுத்து சிக்கல் பண்ணும், குளோசப்னு போட்டா அந்த வம்பே இல்ல. கிரகணத்து அன்னிக்கு ரத்த நிலான்னு எழுதாம செம்பு நிற முழு நிலான்னு எழுதலாம்.

ஒத்தை வார்த்தையை விட ரெண்டு வார்த்தை சேர்றதுதான் பெரிய தொல்லை. படுக்கைன்னா ஓகே, பொண்ணுன்னா ஓகே, ரெண்டும் சேந்தா மாட்டும். மெத்தைக் கடை நோட்டீஸ் பண்ணப்ப இது எனக்கு வந்துச்சு. ‘தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைங்க எல்லாரும் மெத்தை மேல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு’ன்னு குடும்பமா மாத்தினதும் வந்துருச்சு, கடைக்காரருக்கும் அதுதான் புடிச்சுது.

6. குழந்தை படத்துல இருந்தா தனி ஜாக்கிரதை

எல்லா டூல்லயும் ஃபில்டர் ரொம்ப இறுக்கமா இருக்கறது இங்கதான், இருக்கவும் வேணும். இங்க மாட்டினா கோவப்படாம காட்சியை மாத்திருங்க.

காதுகுத்து பத்திரிகையை எடுத்துக்குவோம். தாய்மாமன் மடில குழந்தை, ஆசாரி ஊசியோட, குழந்தை அழுவுது. நமக்கு இது சந்தோஷமான நாள், ஆனா படமாப் பாத்தா குழந்தையை ஆளுங்க புடிச்சுக்கிட்டு ஊசியால குத்தற மாதிரிதான் இருக்கும். இதுக்கு ஊசி வர்ற நிமிஷத்தையே விட்டுட்டு அதுக்கு முன்னாடி நிமிஷத்தை எடுங்க: ‘பட்டு வேட்டி கட்டிய தாய்மாமன் மடியில் பட்டுப்பாவாடை அணிந்த ஒரு வயதுக் குழந்தை சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை மேல் ஒரு ஜோடி சிறிய தங்கக் கம்மல், தேங்காய், வாழைப்பழம், மல்லிகைச் சரம். சுற்றிலும் உறவினர்கள்’. மொட்டை போடறதுக்கும் இதேதான். கத்தி தலைமேல இருக்கற காட்சி வேண்டாம், மொட்டை போட்டு சந்தனம் பூசின பிள்ளை சிரிக்கற மாதிரி கேளுங்க. எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டற குழந்தையைக் கேக்கவே கேக்காதீங்க, தொட்டில்ல தூங்கற குழந்தை போதும்.

மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ் வந்தா நான் ஏஐல பொண்ணை வரையறதே இல்ல. அந்த வயசுப் பொண்ணு, அந்த விழா, ரெண்டையும் சேத்து ப்ராம்ப்ட்ல எழுதினா தடுக்கும், தடுக்கறது சரிதான்னு நினைக்கறேன். வாழைமரம், தென்னங்குருத்துப் பந்தல், சீர்த்தட்டு வரிசை, மஞ்சள் கிண்ணம், இதை மட்டும் ஏஐல எடுத்துட்டு வீட்டுக்காரங்க குடுத்த போட்டோவை நம்ம கம்ப்யூட்டர்லயே வெட்டி ஒட்டறதுதான் முறை. அந்தப் பிள்ளை போட்டோவை எந்த டூல்லயும் ஏத்தாதீங்க, ‘கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி’ன்னு கேட்டாலும் போட்டோஷாப்புலயே முடிச்சுருங்க.

ஆகஸ்ட் 1ல இருந்து 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் வரும், அப்ப அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் போஸ்டர் கேட்டு வருவாங்க. நிஜ போட்டோ மாதிரி கேட்டா பெரும்பாலும் மூணாவது தடுப்புல காணாமப் போகும். ‘எளிய கோட்டோவியம், ரெண்டு மூணு நிறம் மட்டும், சேலை முந்தானையால் முழுதும் போர்த்திய தாய், கையில் குழந்தை, குழந்தையின் பின்னந்தலை மட்டும் தெரிகிறது, சுகாதார விழிப்புணர்வுப் பலகைக்கான படம்’னு போடுங்க. போட்டோ மாதிரி வேண்டாம், ஓவியம் மாதிரி வேணும்னு சொல்றது இந்த மாதிரி மருத்துவ விஷயத்துக்கெல்லாம் நல்லாவே வேலை செய்யும். எதுக்குன்னு உண்மையான காரணத்தை ஒரு வரி எழுதறதும் பேசற ஏஐகிட்ட எடுபடும். பொய்க் காரணம் எழுதாதீங்க.

7. தலைவர், நடிகர், பிரபல கார்ட்டூன்

அரசியல் பிளெக்ஸ் வேலைல தலைவர் முகத்தை ஏஐகிட்ட கேக்காதீங்க. சில டூல் பேரைப் போட்டதும் மறுக்கும், சிலது வரையும். மிட்ஜர்னிங்கற படம் வரையற டூல்ல 2024 அமெரிக்கத் தேர்தலுக்கு முன்னாடி பைடன், டிரம்ப் படத்தையே நிறுத்தி வச்சாங்க, தேர்தல் நேரத்துல எந்த ஊர்லயும் இது இறுகும். வரைஞ்சாலும் மூக்கு ஒரு மாதிரி, கண்ணு ஒரு மாதிரி வந்து வட்டச் செயலாளர்கிட்ட திட்டு வாங்கறது நம்மதான். கட்சிக்காரங்க தர்ற நல்ல போட்டோ, பின்னணி மட்டும் ஏஐ, இதான் பாதுகாப்பு. அசோகச் சின்னம், அரசு முத்திரை, கடை விளம்பரத்துல காந்தி படம் இதெல்லாம் ஏஐ வரைஞ்சு குடுத்தாலும் போடாதீங்க, 1950லயே இதுக்கு சின்னங்கள், பெயர்கள் சட்டம் இருக்கு.

பிறந்தநாள் பேனருக்குப் பிரபல கார்ட்டூன் பாத்திரம் வேணும்பாங்க. பேரைப் போட்டா பல டூல் மறுக்கும். ‘சிவப்பு டவுசர் போட்ட எலி’ன்னு சுத்தி வளைச்சா வரலாம், ஆனா அச்சடிச்சு விக்கறது காப்பிரைட் பிரச்சனை. சொந்தமா ஒரு யானைக்குட்டியையோ அணில் பிள்ளையையோ வரையச் சொல்லுங்க, பிள்ளைங்களுக்கு அது போதும்.

உசுரோட இருக்கற ஓவியர் பேரைச் சொல்லி ‘அவர் ஸ்டைல்ல’ன்னு கேக்கறதும் சில இடத்துல நிக்கும். பழைய கோவில்பட்டி, சிவகாசி காலண்டர் சாமி படம் மாதிரி வேணும்னா அந்தப் படத்துல என்ன இருக்குன்னு எழுதுங்க: மெல்லிய இளஞ்சிவப்பு கன்னம், வழுவழுப்பான தோல், தலைக்குப் பின்னால ஒளிவட்டம், நகை ஒவ்வொண்ணுலயும் மின்னல், பின்னால நீலமலை, தாமரைக் குளம். பேர் சொல்லிக் கேட்டதை விட இப்படிக் கேட்டதுதான் எனக்கு நல்லா வந்திருக்கு.

8. மறுத்துட்டா எந்த வரிசைல போகணும்

ப்ராம்ப்ட்டைப் பாதியா வெட்டுங்க. முதல் பாதியை மட்டும் ஓட்டுங்க. வந்துச்சுன்னா குத்தவாளி ரெண்டாவது பாதில இருக்கான், அதை மறுபடி பாதியா வெட்டுங்க. நீளமான ப்ராம்ப்ட்டா இருந்தாலும் இப்படிச் சீக்கிரம் புடிச்சிரலாம். எல்லா வார்த்தையையும் ஒரே நேரத்துல மாத்தினா எதனால தேறுச்சுன்னே தெரியாது, அடுத்த கொடைக்கும் இதே பாடுதான் படணும்.

பாதி தனித்தனியா தேறி, சேந்தா மாட்டுதுன்னா அது சேர்க்கைப் பிரச்சனை. அப்ப ரெண்டு படமா எடுத்து ஒட்டிருங்க, சாமி தனியா, கூட்டம் தனியா.

பேசற டூல்னா புது சாட் திறந்துட்டு எழுதுங்க. பழைய சாட்ல நீங்க ‘பலி’ன்னு எழுதினது அதுக்கு ஞாபகம் இருக்கும், அப்புறம் நீங்க ரோஜாப்பூ கேட்டாலும் சந்தேகத்தோடயே பாக்கும். மிட்ஜர்னில மறுத்ததும் மேல்முறையீடு மாதிரி ஒரு பட்டன் சில சமயம் வரும், அதை அமுக்கினா இன்னொரு ஏஐ திரும்பப் பாத்துச் சொல்லும், நியாயமான ப்ராம்ப்ட்டுக்கு அது உதவும்.

அப்பவும் வரலையா, அடுத்த டூல். அதுலயும் வரலையா, நிறுத்திட்டு பின்னணியை மட்டும் ஏஐல எடுத்து மீதியை கையால பண்ணுங்க. நான் ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம்னு வரம்பு வச்சிருக்கேன், அதுக்கு மேல போனா போட்டோஷாப்தான் சீக்கிரம். வரிசையா மறுக்கற ப்ராம்ப்ட்டையே போட்டு அனுப்பிக்கிட்டே இருந்தா அக்கவுண்ட்டுக்குத்தான் ஆபத்து, சில டூல்ல கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிரும், சிலதுல நிரந்தரமா.

9. காசு கணக்கு

சாட்ஜிபிடி ப்ளஸ் மாசம் 1,999 ரூபாய், அதுக்குக் கீழ 399 ரூபாய்க்கு கோ ப்ளான் 2025 ஆகஸ்ட்ல இந்தியாவுக்கு வந்துச்சு. மிட்ஜர்னி மாசாமாசம் கட்டினா 10, 30, 60, 120 டாலர்னு நாலு ப்ளான். டாலர்ல வெட்டறதுக்கு பேங்க் கமிஷன் தனி, ஜிஎஸ்டி 18% சேர்த்துதான் கணக்கு போடணும். ஏபிஐ வழியா போறவங்களுக்கு, சாட்ஜிபிடி கம்பெனியான ஓபன்ஏஐயோட ஜிபிடி-இமேஜ்-1ங்கற படம் வரையற மாடல் வந்தப்ப ஒரு சதுரப் படம் குறைஞ்ச தரத்துக்கு சுமார் ஒரு சென்ட்டு, உசந்த தரத்துக்கு சுமார் 17 சென்ட்டுன்னு இருந்துச்சு. அதனால ப்ராம்ப்ட் சரியாற வரைக்கும் குறைஞ்ச தரத்துல ஓட்டுங்க, ஃபில்டர் தாண்டி காட்சியும் புடிச்சப்பறம் உசந்த தரத்துக்கு மாத்துங்க. கட்டணமெல்லாம் மாறும், கட்டறதுக்கு முன்னாடி அவங்க பக்கத்துல ஒருதரம் பாருங்க.

கிரெடிட் முறைல ஓடற சின்ன டூல்கள்ல, மறுத்த ப்ராம்ப்ட்டுக்கும் கிரெடிட் கழியுதான்னு முதல் நாளே பாத்துருங்க. நான் முன்ன வச்சிருந்த ஒண்ணுல படம் மறைஞ்சாலும் கழிஞ்சுது, கேட்டா பதில் இல்ல.

இன்னொரு பொறி, மிட்ஜர்னில நீங்க எடுக்கற படம் சாதாரணமா எல்லாரும் பாக்கற மாதிரிதான் இருக்கும். மறைச்சு வைக்கற வசதி 60 டாலர் ப்ளான்ல இருந்துதான். கஸ்டமர் வீட்டு போட்டோவை 10 டாலர் ப்ளான்ல ஏத்தி வச்சுட்டு அப்புறம் முழிக்காதீங்க. சாட்ஜிபிடில செட்டிங்ஸ் போயி டேட்டா கன்ட்ரோல்ஸ்ல, நம்ம பேச்சை வச்சு மாடலைப் பழக்க அனுமதிக்கற ஸ்விட்ச் இருக்கு, அதை ஆஃப் பண்ணிட்டு வேலையை ஆரம்பிங்க.

10. அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்ன

தமிழ் எழுத்தை ஏஐகிட்ட விடாதீங்க. ‘அருள்மிகு’ன்னு கேட்டா கொம்பு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம்னு வரும். ப்ராம்ப்ட்லயே ‘எழுத்து எதுவும் வேண்டாம், மேல்பகுதி மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும்’னு எழுதிட்டு, எழுத்தை நீங்க ஃபாண்ட்ல போடுங்க.

பெரும்பாலும் வர்றது 1024 பிக்சல் அளவுல. 10க்கு 8 அடி பிளெக்ஸுக்கு அதை அப்படியே இழுத்தா சாமி முகம் கட்டம் கட்டமா தெரியும், அப்ஸ்கேல் (தெளிவு கெடாம பெருசாக்கறது) பண்ணித்தான் அனுப்பணும். சில அப்ஸ்கேல் டூல்லயும் ஃபில்டர் இருக்கு, படத்தைப் பாத்துட்டு அங்க மறுக்கும், அதனால கம்ப்யூட்டர்லயே ஓடற ஒண்ணை வச்சுக்கோங்க.

கூகுள் டூல்ல எடுத்தா கண்ணுக்குத் தெரியாத சிந்த்ஐடி முத்திரை படத்துலயே இருக்கும், அடோபி ஃபயர்ஃபிளை, ஓபன்ஏஐ படங்கள்ல எதுல எடுத்ததுங்கற விவரம் ஃபைலோட சேந்து வரும். இதை அழிக்க மெனக்கெடாதீங்க. பில்லுலயே ‘படம் ஏஐ உதவியுடன்’னு எழுதிருங்க, அப்புறம் ‘எங்க கோயில் சிலையை எப்பய்யா போட்டோ எடுத்தே’ன்னு கேள்வி வராது.

ப்ரூஃப் அனுப்பறப்ப கைவிரல், அருவா நுனி, நாமம் இருக்கற சாமிக்கு நாமம், பட்டை இருக்கற சாமிக்கு பட்டை, வாகனம் குதிரையா நாயா, இதை கமிட்டில ஒரே ஒரு ஆள்கிட்ட காட்டி ‘ஓகே’ன்னு வாட்ஸப்ல எழுதி வாங்கிக்கோங்க. ரெண்டு ஆளுக்கு அனுப்பினா ரெண்டு மீசை கேப்பாங்க.